கட்டத்துக்குள் கட்டடம்

கேள்வி-பதில்: பழைய கட்டடங்களும் ஓவியங்களும் போர்டு கேமாக வந்த கதை

கேள்வி: தாயம் தெரியும், கேரம் தெரியும், செஸ் தெரியும். போர்டு கேமுக்குள் கட்டடக்கலை எங்கிருந்து நுழைந்தது? (வாசகர், சென்னை)

பதில்: செஸ்ஸில் யானை என்று நாம் நகர்த்தும் காயை உற்றுப் பாருங்கள். தலையில் கொத்தளம் வைத்த கோட்டைக் கோபுரம் அது! பலகைக்குள் கட்டடம் குடியேறிப் பல நூற்றாண்டு ஆகிறது. அண்மையில் நடந்தது வேறு: கட்டடம் ஒரு காயாக நிற்காமல் ஆட்டத்துக்கே கருவாகிவிட்டது. பிரான்சின் கோட்டை நகரத்தின் பெயரில் 2000-இல் 'கார்கசோன்', ஸ்பெயின் அரண்மனையின் பெயரில் 2003-இல் 'அல்ஹம்ப்ரா', போர்ச்சுகலின் சுவர் டைல்ஸை வைத்து 2017-இல் 'அசூல்', அதே ஆண்டில் வண்ணக் கண்ணாடி ஜன்னலை வைத்து 'சக்ராடா'. இவற்றில் முதல் மூன்றும் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' என்னும் ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருதை வாங்கியவை.

கேள்வி: பெட்டி மேல் அழகான படம் ஒட்டிவிட்டால் அது கலை விளையாட்டு ஆகிவிடுமா? (வாசகி, ஈரோடு)

பதில்: ஆகாது. கலை விதிக்குள் இருக்க வேண்டும். கொத்தனாருக்கு என்ன கஷ்டம், கண்ணாடி வெட்டுபவருக்கு எது கைக்கு அடங்காது, ஓவியர் எதற்காகக் காத்திருக்கிறார் என்பதை ஆடுகிறவர் தன் முறை வரும்போது உணர வேண்டும். இந்த இதழின் பதில்கள் எல்லாவற்றையும் இந்த ஒரே அளவுகோலால்தான் அளக்கிறேன்.

கேள்வி: அப்படியானால் அசூலை அளந்து காட்டுங்கள். (வாசகர், திருச்சி)

பதில்: மொத்தம் 100 டைல்கள், 5 வகை, வகைக்கு 20. பையில் குலுக்கி, நடுவில் உள்ள வட்டத் தட்டுகளில் நாலு நாலாக வைப்பார்கள். உங்கள் முறை வந்தால் ஒரு தட்டிலிருந்து ஒரே வகை டைல்கள் அத்தனையையும் எடுத்தாக வேண்டும். மிச்சம் மேசை நடுவுக்குப் போகும். அங்கிருந்தும் பிறகு எடுக்கலாம். எடுத்ததை உங்கள் பலகையின் ஐந்து வரிசைகளில் ஒன்றில் அடுக்க வேண்டும். முதல் வரிசையில் 1 இடம், கடைசி வரிசையில் 5 இடம். வரிசை முழுதாக நிரம்பினால்தான் அதிலிருந்து ஒரே ஒரு டைல் சுவருக்கு ஏறும்.

விதியின் உயிர் அடுத்த வரியில் இருக்கிறது. வரிசை கொள்ளாமல் மிஞ்சிய டைல்கள் தரையில் விழுந்து உடைந்ததாகக் கணக்கு. முதல் இரண்டுக்குத் தலா 1 மதிப்பெண் கழியும், அடுத்த மூன்றுக்குத் தலா 2, கடைசி இரண்டுக்குத் தலா 3. ஆசைப்பட்டு அள்ளியவர் தரையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். வீடு கட்டியவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை: எத்தனை பெட்டி டைல்ஸ் வாங்கினோம், எத்தனை உடைந்தது, எத்தனை மூலையில் கிடக்கிறது! வடிவமைத்த மிஹாயேல் கீஸ்லிங் பட்டறையின் சேதாரத்தைப் பிடித்து ஆட்டத்தின் முதுகெலும்பாக்கிவிட்டார். அளந்தாயிற்று; அசூல் தேறிவிட்டது.

கேள்வி: போர்ச்சுகல் மன்னர் அல்ஹம்ப்ராவைப் பார்த்து மயங்கி, தன் அரண்மனைக்கும் அதே மாதிரி டைல்ஸ் கேட்டார் என்று அசூல் விதிப் புத்தகத்தில் இருக்கிறதே. நிஜமா? (வாசகி, புதுச்சேரி)

பதில்: அந்த மன்னர் முதலாம் மனுவேல், 1495 முதல் 1521 வரை ஆண்டவர். கதை எப்படியோ, டைல்ஸ் மீது அவருக்கு இருந்த மோகத்துக்குச் சாட்சி லிஸ்பனுக்குப் பக்கத்தில் சிந்த்ரா அரண்மனையில் சுவரிலேயே இருக்கிறது. ஸ்பெயினின் செவில் நகரப் பட்டறைகளிலிருந்து வரவழைத்த டைல்ஸ் அவை. இஸ்லாமியக் கைவினை மரபில் வந்த கோலங்கள்: பச்சை, நீலம், பழுப்பு, வெள்ளை, நட்சத்திரம், பின்னல். ஆட்டத்தில் நீங்கள் அலங்கரிப்பது எவோரா அரண்மனையை. நேரில் பார்க்க ஆசையென்றால் சிந்த்ராவுக்குப் போங்கள்.

விதிப் புத்தகம் விட்டுவிட்ட ஒரு பக்கத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். இதே மனுவேல்தான் 1496 டிசம்பரில், யூதர்களும் முஸ்லிம்களும் போர்ச்சுகலை விட்டு வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டவர். ஒரு சமூகத்தின் கைவண்ணம் சுவரில் ஏறியது. அந்தச் சமூகத்துக்கு நாட்டில் இடமில்லை. அசூலைப் பிள்ளைகளுடன் ஆடும்போது இதையும் சொல்லுங்கள். ஆட்டத்தின் இன்பம் குறையாது. டைல் மீதுள்ள மரியாதை கூடும்.

கேள்வி: பல வண்ண டைல் செய்யும்போது சூளையில் வண்ணங்கள் ஒன்றோடொன்று வழிந்து கலந்துவிடாதா? (வாசகர், மானாமதுரை)

பதில்: மண்ணும் சூளையும் தெரிந்த ஊரிலிருந்து வந்த கேள்வி! நிச்சயம் கலக்கும். மேற்பூச்சு சூட்டில் உருகிக் கண்ணாடியாகி ஓடும். செவில் கைவினைஞர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். எண்ணெய்ப் பசையில் மாங்கனீஸ் தூளைக் குழைத்து, கோலத்தின் ஓரங்களை மெல்லிய கோடாக முதலில் வரைவார்கள். பிறகு கோடுகளுக்கு நடுவே நீர் கலந்த வண்ணப் பூச்சை ஊற்றுவார்கள். எண்ணெய்க் கோட்டைத் தாண்டி நீர்ப்பூச்சு போகாது. சூளையில் எண்ணெய் எரிந்துபோய், வண்ணங்களுக்கு நடுவே கறுத்த கோடு மட்டும் நிற்கும். சிந்த்ரா டைலின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்தக் கோடு தெரியும். இந்த முறையின் பெயர் குவெர்டா செக்கா.

கேள்வி: போர்ச்சுகல் டைல்ஸ் என்றாலே நீலமும் வெள்ளையும்தானே நினைவுக்கு வருகிறது? (வாசகி, கோவை)

பதில்: அது பிந்திய மோகம். சீனப் பீங்கானும் ஹாலந்து டைல்ஸும் ஐரோப்பாவை மயக்கிய 17-ஆம் நூற்றாண்டில் பிடித்த அலை. அதன் உச்சம் ஒன்றை லிஸ்பனில் பார்க்கலாம். மனுவேலின் அக்கா, அரசி லியோனோர் 1509-இல் நிறுவிய கன்னிமடம்தான் இன்று அந்நாட்டின் தேசிய டைல் அருங்காட்சியகம். அங்கே ஏறத்தாழ 1700-இல் செய்த, சுமார் 23 மீட்டர் நீளமுள்ள ஒரு டைல் படம் இருக்கிறது. ஆற்றிலிருந்து பார்த்தால் லிஸ்பன் எப்படித் தெரியுமோ அப்படியே முழு நகரமும் நீல வண்ணத்தில். 1755 நவம்பர் 1-இல் வந்த நிலநடுக்கமும் கடல் அலையும் தீயும் அந்த நகரத்தின் பெரும்பகுதியை அழித்துவிட்டன. அழிந்த லிஸ்பனைத் தெரு தெருவாக நினைவில் வைத்திருப்பது டைல்தான்.

அந்த அழிவுக்குப் பிறகு நகரத்தைக் கட்டியெழுப்புவதே விதால் லசெர்டாவின் 'லிஸ்போவா' (2017). பலகை முழுக்க டைலின் நீல வெள்ளை. மூன்று விதச் சிறு கட்டைகள் இடிபாடுகளாகக் கிடக்கும்: நிலநடுக்கம், கடல் அலை, தீ. அவற்றை அகற்றிக்கொண்டேதான் புதுக் கடைகள் எழுப்ப முடியும். நீளமான, கடினமான ஆட்டம். வரலாற்றில் ஊறியவர்களுக்கு விருந்து.

கேள்வி: எங்கள் ஊர்த் தேவாலயத்தில் வண்ணக் கண்ணாடியைப் பார்த்து வளர்ந்தவன் நான். சக்ராடா எனக்குப் பிடிக்குமா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: உங்களுக்காகவே செய்தது போலிருக்கும். கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் பகடைகள் மொத்தம் 90. 5 நிறம், நிறத்துக்கு 18. உங்கள் ஜன்னலில் 20 கட்டம். 10 சுற்று, சுற்றுக்கு 2 பகடை, கணக்கு கச்சிதம். ஒரே நிறமோ ஒரே எண்ணோ பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் வரக்கூடாது. முதல் பகடையை ஜன்னலின் ஓரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். எட்டாவது சுற்றுக்குப் பிறகு ஒரு கட்டத்துக்கு மஞ்சள் 3 ஒன்றுதான் பொருந்தும் என்ற நிலை வரும். மேசையில் மஞ்சள் 4 மட்டும் சிரித்துக்கொண்டிருக்கும்.

அப்போது கை கொடுப்பவை கருவிச் சீட்டுகள். அவை எல்லாம் கண்ணாடிப் பட்டறையின் நிஜக் கருவிகள். கண்ணாடித் துண்டின் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து எடுத்துச் சரியான அளவுக்குக் கொண்டுவர ஒரு குறடு உண்டு. ஆட்டத்தில் அந்தக் குறட்டுச் சீட்டு, பகடையின் எண்ணை ஒன்று கூட்டவோ குறைக்கவோ விடும். மஞ்சள் 4 மஞ்சள் 3 ஆகிவிடும்! ஆனால் 1-ஐ 6 ஆக்க விடாது. சிறு துண்டைக் கடித்துப் பெரிய துண்டு ஆக்க எந்தக் குறடாலும் முடியாதே. விதியில் கலை என்று நான் சொல்வது இதைத்தான்.

கேள்வி: பார்சலோனாவின் சக்ராடா ஃபமீலியாவை நேரில் பார்க்கப் போகிறோம். காலையில் போவதா, மாலையிலா? (வாசகி, சிங்கப்பூர்)

பதில்: ஒரு தடவைதான் முடியும் என்றால் மதியத்துக்குப் பிறகு போய், இருட்டும் வரை இருங்கள். இரண்டு தடவை முடியும் என்றால் காலையும் மாலையும். கிழக்கு ஜன்னல்கள் நீலமும் பச்சையும். மேற்கு ஜன்னல்கள் சிவப்பும் ஆரஞ்சும். காலை வெயில் குளிர்ந்த நிறமாகவும் மாலை வெயில் தணல் நிறமாகவும் உள்ளே இறங்கும். கண்ணாடி வேலையை வடிவமைத்தவர் ஜுவான் விலா-கிராவ். 1882-இல் அடிக்கல் நாட்டிய கோயில் அது; அடுத்த ஆண்டு பொறுப்பேற்ற கட்டடக் கலைஞர் கவுதி 1926-இல் டிராம் மோதி இறந்தார். அவருக்குப் பின் தலைமுறை தலைமுறையாகக் கட்டி வருகிறார்கள்.

கேள்வி: அல்ஹம்ப்ரா ஆட்டத்தில் அரண்மனையைக் கட்டுகிறோமா, வியாபாரம் செய்கிறோமா? (வாசகர், மலேசியா)

பதில்: இரண்டும். கொத்தனாரும் தோட்டக்காரரும் பல தேசத்திலிருந்து வந்தவர்கள். அவரவர் நாணயத்தில்தான் கூலி வாங்குவார்கள். ஆகவே நாலு வகைப் பணச் சீட்டு. சில்லறை தப்பாமல் சரியான தொகை கொடுத்தால் இன்னொரு முறை ஆடலாம். கூடக் கொடுத்தால் பாக்கி கிடைக்காது. வாங்கிய கட்டடத்தைப் பதிக்கும்போது, நடுவில் உள்ள நீரூற்றிலிருந்து மதில் எதையும் தாண்டாமல் அங்கே நடந்து போக முடிய வேண்டும். இந்த விதியை டிர்க் ஹென் எழுதியபோது அந்த அரண்மனையின் இயல்பையே எழுதிவிட்டார். வெளியே காவல் மதில். உள்ளே முற்றத்திலிருந்து முற்றத்துக்கு நீரோடு சேர்ந்து நடக்கும் வழி. 1238-இல் தொடங்கிய நஸ்ரித் அரசர்களின் அரண்மனை நகரம் அது. 12 பளிங்குச் சிங்கங்கள் சுமக்கும் நீரூற்று 14-ஆம் நூற்றாண்டு முற்றத்தின் நடுவே இன்றும் இருக்கிறது. ஹாலந்து ஓவியர் எஷர் 1936-இல் இரண்டாம் தடவை அங்கே போய்ச் சுவர்க் கோலங்களைப் பிரதி எடுத்தார். பறவையும் மீனும் இடைவெளியில்லாமல் கோத்துக்கொள்ளும் அவருடைய புகழ்பெற்ற படங்களுக்கு அந்தப் பயணம் பெரிய உந்துதல்.

கேள்வி: கார்கசோன் கோட்டை நிஜமான பழங்கோட்டையா, செட்டிங்கா? (வாசகர், வேலூர்)

பதில்: கோட்டை ஊர்க்காரர் விடுவீர்களா! இரட்டை மதிலும் 52 கோபுரங்களும் உள்ள பழங்கோட்டைதான். ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் சிதைந்து, இடித்துத் தள்ளும் நிலையில் இருந்தது. 1853-இல் தொடங்கி அதைச் சீரமைத்தவர் வியோலே-ல-டுக் என்ற கட்டடக் கலைஞர். கோபுரங்களுக்குக் கூர்மையான கூரை போட்டு, கற்பலகை வேய்ந்தார். அது வடக்குப் பிரான்சின் வழக்கம், இந்த ஊருக்கு ஒட்டாது என்று அப்போதே சண்டை. 1997-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஆட்டத்தில் 72 சதுர அட்டைகள். ஒவ்வொன்றாக எடுத்துச் சாலைக்குச் சாலை, மதிலுக்கு மதில் பொருத்தி நிலத்தையே உருவாக்குவீர்கள். திறந்து கிடக்கும் மதிலை மூடினால்தான் முழுப் பயன். கிளவுஸ்-யுர்கன் விரேடே உருவாக்கிய ஆட்டம். அதில் வரும் குட்டி மர மனிதக் காய்தான் இன்று உலகம் முழுக்க போர்டு கேமுக்கே அடையாளமாகிவிட்டது.

கேள்வி: கட்டடம் போதும். ஓவியத்தை வைத்து வந்த ஒன்றைச் சொல்லுங்கள். (வாசகி, கும்பகோணம்)

பதில்: 'டோக்கைடோ' (2012, அந்துவான் பௌசா). கியோத்தோவிலிருந்து எடோ வரை போகும் பழைய ஜப்பானிய நெடுஞ்சாலை. அதன் 53 தங்கல்களை ஓவியர் ஹிரோஷிகே 1830-களில் அச்சோவியமாக்கினார். தொடக்கமும் முடிவும் சேர்த்து 55 படங்கள். ஆட்டத்தில் நெல்வயல், மலை, கடல் ஆகிய காட்சிகளை முறையே மூன்று, நான்கு, ஐந்து துண்டாகச் சேர்த்து முழுப் படமாக்குவீர்கள். வழியில் யார் கடைசியில் இருக்கிறாரோ அவருக்குத்தான் அடுத்த முறை. முந்தி ஓடினால் வாய்ப்பு குறையும்; நின்று நின்று பார்ப்பவருக்குப் பை நிறையும். பயண ஓவியத்தின் மனசு அந்த ஒரு விதிக்குள் அடங்கியிருக்கிறது.

கேள்வி: தேவாலயத்தையும் அரண்மனையையும் பகடை உருட்டி ஆடுவது மரியாதைக் குறைவாகப் படவில்லையா? (வாசகர், ஸ்ரீரங்கம்)

பதில்: வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழித்துப் பரமபதம் ஆடும் மரபில் வந்த நாம் இதைக் கேட்கலாமா? பாம்பில் இறங்கி, ஏணியில் ஏறி, பெருமாள் பாதம் சேர்வதைப் பகடை போட்டுத்தானே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தோம்! ஆடுவதால் மரியாதை குறையாது. ஆடப்படும் இடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமல் பெயரை மட்டும் விற்றால் குறையும்.

கேள்வி: எல்லா ஆட்டத்திலும் நாம் தலைமைக் கலைஞர். கல் சுமந்தவர்கள் எங்கே? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: இந்த வாரத்தின் சிறந்த கேள்வி இதுதான். பெரும்பாலான ஆட்டங்களில் உழைப்பு என்பது ஒரு சீட்டு, ஒரு மரக் காய். சுமை, சம்பளம், விபத்து எதுவும் கிடையாது. அழகு மட்டும் மேசைக்கு வருகிறது. கருவியின் பெயரையாவது நிஜமாகச் சொல்லும் சக்ராடா போன்றவை எனக்கு நெருக்கமாவது இதனால்தான். கருவி வந்தால் அதைப் பிடித்த கையும் கொஞ்சம் கூட வருகிறது. இன்னும் நிறைய வர வேண்டும்.

கேள்வி: எல்லாம் வெளிநாடாகவே இருக்கிறதே. நம் பக்கம் கட்டடமும் ஆட்டமும் சேர்ந்ததே இல்லையா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: நம் பக்கம் கட்டடமே பலகையாக இருந்திருக்கிறது. பழைய கோயில் மண்டபங்களின் தரைக் கற்களில் ஆடுபுலி ஆட்டக் கட்டம் கீறியிருப்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். உச்சியிலிருந்து விரியும் கோடுகள், குறுக்கே வெட்டும் கோடுகள், 23 சந்திப்புகள். 3 புலி, 15 ஆடு. பெட்டியும் வேண்டாம், அட்டையும் வேண்டாம். புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் போதும். வடக்கே ஃபதேபூர் சிக்ரியில் அக்பரின் அரண்மனை முற்றத்துத் தரையிலேயே பெரிய பச்சீசி ஆட்டக் கட்டம் பதித்திருக்கிறார்கள். மனிதர்களையே காய்களாக நிறுத்தி ஆடினார் என்று சொல்வார்கள். கோயிலுக்குப் போனால் விமானத்தைப் பார்த்த கண்ணால் தரையையும் பாருங்கள். அந்தக் கட்டங்களைச் சிமென்ட் பூசி மூடவும் கல்லை மாற்றவும் விடாதீர்கள். அதுவும் கல்வெட்டு போலக் காக்க வேண்டியதே.

கேள்வி: பேரனுக்கு 8 வயது. எதில் தொடங்கலாம்? (வாசகர், மதுரை)

பதில்: கார்கசோன், அடுத்து அசூல். இரண்டுக்கும் படிக்க வேண்டிய எழுத்து இல்லை; முக்கால் மணி நேரத்தில் முடியும். கார்கசோனில் வயல்களுக்கு மதிப்பெண் போடும் விதியைத் தொடக்கத்தில் விட்டுவிடுங்கள். முதல் இரண்டு ஆட்டத்தில் நீங்கள் ஜெயிப்பீர்கள். பிறகு பேரனைக் கேளுங்கள்!

கேள்வி: எங்கள் ஆத்தங்குடிக் கல்லை வைத்து ஒரு போர்டு கேம் செய்யலாமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: செய்தே ஆக வேண்டும். ஆனால் பூப்போட்ட சதுரத்தை அட்டையில் அச்சடித்தால் மட்டும் அது ஆத்தங்குடி ஆகாது. கல் எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். கீழே கண்ணாடி, அதன் மேல் சட்டம், சட்டத்துக்குள் கோல அச்சு. அச்சின் அறைகளில் வண்ணச் சிமென்ட் கூழை ஒவ்வொரு நிறமாக ஊற்றி, கை நடுங்காமல் அச்சைத் தூக்குவார்கள். மேலே காய்ந்த சிமென்ட்-மணல் கலவையைத் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவையைப் போட்டு மட்டம் தட்டுவார்கள். உலர்ந்த பிறகு தொட்டித் தண்ணீரில் ஊற வேண்டும். கண்ணாடியைப் பிரித்தால்தான் முகம் தெரியும். பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது.

இதிலேயே விதி இருக்கிறது. முகத்தை முதலில் ஊற்று, முதுகை அப்புறம் போடு: ஆட்டக்காரர் நிறச் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்து அடுக்கட்டும், ஒரு தடவை வைத்ததைத் திருப்பிப் பார்க்கவும் மாற்றவும் கூடாது. கல் தொட்டியில் ஊற வேண்டும்: செய்த கல்லை இரண்டு சுற்றுக்குப் பிறகுதான் தரையில் பதிக்கலாம், அவசரப்பட்டால் விரிசல், மதிப்பெண் கழிவு. பதிக்கும் நாளில்தான் சீட்டைத் திறக்க வேண்டும். நினைவில் வைத்தவருக்குக் கோலம் கூடும். மறந்தவருக்கு நிறம் தாறுமாறாகும். செட்டிநாட்டு வீட்டின் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒவ்வொரு இடத்துக்கும் தனிக் கோலம் வைத்தால் பலகையும் தயார்.

கேள்வி: இப்படி ஒன்றை உருவாக்க யார் வேண்டும்? பணமா, படம் வரைபவரா? (வாசகர், சிவகங்கை)

பதில்: இரண்டும் வேண்டும், ஆனால் இரண்டும் பிறகு. விதி எழுதப் போகிறவர் முதலில் பட்டறைக்குப் போய், கூழ் ஊற்றுபவர் பக்கத்தில் உட்கார வேண்டும். எந்த இடத்தில் அவர் மூச்சைப் பிடிக்கிறார், எந்தக் கல்லைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார், எதற்காகக் காத்திருக்கிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் குறிப்புதான் விதிப் புத்தகத்தின் முதல் பக்கம். பெட்டியிலும் அந்தக் கைவினைஞரின் பெயர் வடிவமைப்பாளர் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வரட்டும். அப்படி ஒரு பெட்டி வந்தால் முதல் பிரதியை வாங்க நான் தயார்.